புகார் கொடுத்த அன்றைக்கு ராத்திரி

பள்ளிக்கூடத்தில் ஒரு பையனை யாரோ மிரட்டுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், பெரியவர்கள் எல்லாரும் அவனிடம் கேட்பது ஒன்றைத்தான். "யாருன்னு சொல்லு, மத்ததை நாங்க பாத்துக்கிடுதோம்." அவன் வாயைத் திறந்து பெயரைச் சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நமக்கு ஒரு நினைப்பு. மேல்நிலை வகுப்புகளுக்குப் பல வருஷமாகப் பாடம் எடுக்கிற எனக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. பெயரைச் சொன்ன பிறகு வருகிற அந்த ஒரு ராத்திரிதான் பிள்ளைக்கு ஆகப் பெரிய ஆபத்து.

2023 ஆகஸ்ட் 9-ஐ எங்கள் திருநெல்வேலிச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாங்குநேரியைச் சேர்ந்த, பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவர், கூடப் படித்த ஆதிக்கச் சாதிப் பையன்களின் தொல்லை தாங்காமல் சில நாள் பள்ளிக்குப் போகாமல் இருந்தார். படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுகிறேன் என்கிற அளவுக்கு வந்துவிட்டார். பள்ளியில் கூப்பிட்டு விசாரித்தார்கள். என்ன நடந்தது, யார் செய்தது என்று சொன்னார், எழுதியும் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரியே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். குறுக்கே விழுந்து தடுத்த தங்கைக்கும் வெட்டு. பிடிபட்டவர்கள் எல்லாரும் பதினெட்டு வயதுகூட ஆகாத பையன்கள். அந்த மாணவர் மறுவருஷம் பொதுத்தேர்வு எழுதி 600-க்கு 469 மதிப்பெண் வாங்கினார். பெயர் ஊர் உலகத்துக்கே தெரியும், ஆனாலும் இங்கே எழுத மனம் வரவில்லை. அந்தப் பிள்ளை இனிமேலாவது தன் படிப்புக்காகப் பேசப்படட்டும்.

அந்த நாளை ஒவ்வொரு படியாக எடுத்துப் பாருங்கள். பிள்ளை பள்ளிக்குப் போகாததை வீட்டில் கவனித்தார்கள். பள்ளி விசாரித்தது. பிள்ளை பயத்தை விட்டு உண்மையைச் சொன்னது. கருத்தரங்குகளில் எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பதெல்லாம் அப்படியே நடந்திருக்கிறது. அதற்கப்புறம் அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளை எங்கே இருக்க வேண்டும், யார் கூட இருக்க வேண்டும், புகாரில் பெயர் வந்தவர்களின் வீட்டுக்குச் செய்தி எப்போது, எப்படிப் போக வேண்டும், காவல் நிலையத்துக்கு யார் சொல்வது? இதற்கெல்லாம் ஏற்பாடு எங்கேயும் கிடையாது. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தமிழ்நாட்டில் வேறு எந்தப் பள்ளியாக இருந்திருந்தாலும் அன்றைக்கு மணி அடித்ததும் எல்லாரும் வீட்டுக்குத்தான் போயிருப்பார்கள்.

போன வருஷம் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா ராத்திரி போன் செய்தார். மகன் பதினொன்றாம் வகுப்பு, வேறொரு பள்ளி.

"டீச்சர், பய பள்ளிக்கூடத்துக்குப் போவ மாட்டேங்கான். கேட்டா வயித்த வலிக்குங்கான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா ஒண்ணுமில்லங்காவ."

பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். அவன் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. மறுநாள் காலையில் வீட்டுக்கே போனேன். அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "யய்யா, நீ சொல்லுதத நான் உன்கிட்ட கேக்காம யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உயிருக்கு ஆபத்துன்னா சொல்லித்தான் ஆவணும். அதையும் உனக்குச் சொல்லிட்டுத்தான் செய்வேன்" என்றேன். இந்த இரண்டாவது பாதியை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அது பொய் வாக்கு. பிள்ளைகள் அதை லேசில் மன்னிப்பதில்லை.

அவன் ஒன்றும் பேசாமல் அம்மாவின் போனை எடுத்து ஒரு வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினான். பெயர் தெரியாத எண். குரல் தெரிந்த குரல்தான் என்றான். "வெள்ளிக்கெழம டியூஷன் முடிஞ்சு வருவேல்லா, பாலத்துக்கிட்ட பாத்துக்கிடுதோம்ல. ஒங்க அம்மைட்ட இப்பவே சொல்லி வச்சுரு." அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. சத்தம் போட்டுக்கூடப் பேசவில்லை. பின்னணியில் யாரோ சிரிக்கிறார்கள்.

"ஒன்னக் கொன்னுருவேம்ல" என்று எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்கும் தெரியுமா? கபடியில் ஒரு புள்ளிக்குச் சண்டை வந்தால் கேட்கும், பேனாவை எடுத்துவிட்டால் கேட்கும், பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஒரே கவரில் மிக்சர் தின்றுகொண்டிருப்பார்கள். வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் டூயி கார்னெல் என்ற உளவியல் பேராசிரியர் பல வருஷமாகச் செய்துவரும் வேலை இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான். கோபத்தில் வந்து கோபத்தோடு போகும் சொல் ஒன்று. கோபம் அடங்கின பிறகும் அப்படியே நிற்கும் எண்ணம் இன்னொன்று. அந்த மாகாணத்தில் 2013-லேயே அரசுப் பள்ளிகளில் இதைப் பார்க்க ஒரு குழு இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, 1999-ல் கொலம்பைன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பிறகு, அமெரிக்க ரகசியக் காவல் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 37 பள்ளித் தாக்குதல்களை அலசி 2002-ல் அறிக்கை கொடுத்தன. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது இரண்டு. பத்தில் எட்டுத் தாக்குதல்களில், இப்படி ஒன்று வரப்போகிறது என்று வேறு யாராவது ஒருத்தருக்காவது முன்கூட்டியே தெரிந்திருந்தது. அந்த ஒருத்தர் பெரும்பாலும் இன்னொரு மாணவர். இன்னொன்று, வாயால் மிரட்டியவனா என்று பார்ப்பதைவிட, செய்வதற்கான ஆயத்தத்தில் இருக்கிறானா என்று பார்ப்பதுதான் உதவும். அங்கே ஆயுதம் துப்பாக்கி, காரணங்களும் வேறு. இங்கே சாதி இருக்கிறது, பின்னால் நிற்கும் அண்ணன்மார் இருக்கிறார்கள், தோட்டம் துரவு உள்ள எந்த வீட்டிலும் அரிவாள் இருக்கிறது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

அந்த வாய்ஸ் மெசேஜில் நாள் இருந்தது. இடம் இருந்தது. அவன் டியூஷன் முடிந்து எந்த வழியாக வருகிறான் என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். "பாத்துக்கிடுதோம்" என்று பன்மையில் வருகிறது. இதில் ஒன்று இருந்தாலே நான் விடியும் வரை காத்திருக்க மாட்டேன்.

முதலில் செய்தது, அந்த மெசேஜை அழிக்காமல் வைக்கச் சொன்னது. அம்மாவுக்கு அதை உடனே அழித்துவிடத்தான் தோன்றியது, வீட்டில் இருக்கக் கூடாத ஒன்று வந்துவிட்டது மாதிரி. மாமாவுக்கோ அதைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட வேண்டும். இரண்டும் கூடாது. அழித்தால் சாட்சி போய்விடும். குரூப்பில் போட்டால் சாயங்காலத்துக்குள் அது ஊர்ப் பிரச்சினை ஆகிவிடும், இரண்டு பக்கமும் ஆள் சேரும், நடுவில் அந்தப் பிள்ளை நிற்கும். எண்ணும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். பழைய நோட்டு ஒன்றில், எந்தக் கிழமை, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள் என்று அவனையே எழுதச் சொன்னேன். "திட்டினார்கள்" என்று எழுதினான். என்ன வார்த்தை என்று கேட்டேன். எழுதக் கூச்சப்பட்டான். எழுதினான். அதில் சாதிப் பெயர் இருந்தது. அந்த ஒரு வார்த்தையால் எந்தச் சட்டத்தில் வழக்கு என்பதே மாறும்.

ஆறு மாசமாக நடந்திருக்கிறது. கடைக்குப் போய்த் தின்பண்டம் வாங்கிவரச் சொல்வது, காசு கொடுக்காமல் இருப்பது, வீட்டுப்பாடம் எழுதித் தரச் சொல்வது, மறுத்தால் கழிவறைக்குப் போகிற வழியில் மறிப்பது. இவன் மறுக்க ஆரம்பித்த பிறகுதான் மிரட்டல் வந்திருக்கிறது. வகுப்பில் முப்பது பேருக்காவது தெரிந்திருக்கும்.

பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியர் நல்ல மனுஷர். ஆனால் கேட்டவுடன் அவர் சொன்னது, "அந்தப் பயலுவளையும் கூப்புடுதேன், ரெண்டு பேரையும் நேருக்கு நேரா வச்சுப் பேசி முடிச்சிருவோம்." எல்லாப் பள்ளிகளிலும் இதுதான் வழக்கம். ஒரே அறையில் நிறுத்துவது, கை கொடுக்கச் சொல்வது, இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கடிதம் வாங்குவது, "இனிமே நீங்க ஃபிரண்ட்ஸ்" என்று அனுப்புவது. இரண்டு சமமான பையன்கள் சண்டை போட்டுக்கொண்டால் அது சரி. ஒருத்தன் மிரட்டுகிறான், இன்னொருத்தன் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறான் என்றால் அது சமாதானப் பேச்சு ஆகாது. மிரட்டினவன் முன்னால் மிரட்டப்பட்டவனை நிறுத்தி, "இவன்தான் போட்டுக் கொடுத்தான்" என்று காட்டிக் கொடுப்பதாகத்தான் முடியும். அந்தப் பிள்ளையை அன்று அந்த அறைக்குள் விட நான் சம்மதிக்கவில்லை.

வேறு ஒரு ஒழுங்கைக் கேட்டோம். முதலில் பிள்ளை பத்திரமான இடத்துக்குப் போகட்டும். அதுவரை எதிர்த்தரப்புக்கு ஒரு வார்த்தையும் போகக் கூடாது. அதற்கப்புறம் பெயர் வந்த பையன்களைத் தனித்தனியாக, அவரவர் பெற்றோரோடு கூப்பிடுங்கள். அந்தக் கூட்டத்தில் புகாரைப் படித்துக் காட்டாமல், பள்ளி தானாகக் கவனித்த விஷயம் என்று பேசுங்கள். அன்று மாலை அவனை அப்பா வந்து கூட்டிக்கொண்டு நேராகத் தென்காசியில் அத்தை வீட்டுக்குப் போனார். வெள்ளிக்கிழமை டியூஷன் இல்லை. வீட்டில் தனியாகத் தங்கை இருக்கக் கூடாது என்று அதையும் பேசி வைத்தோம். நாங்குநேரியில் வெட்டு வாங்கிய தங்கை நினைவுக்கு வராமல் இருப்பாளா?

காவல் நிலையம் என்றதும் அந்த அப்பா தயங்கினார். "ஸ்டேஷனுக்குப் போனா பகை பெருசாயிரும்லா" என்றார். நியாயமான பயம். ஆனால் பகை ஏற்கெனவே பெரிதாகித்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறது. மனுவை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போனோம். கொலை மிரட்டல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவில் வரும், ஏழு வருஷம் வரை தண்டனைக்கு இடம் உண்டு. யார் என்று காட்டாமல் மிரட்டினால் அதற்கும் தனியாகத் தண்டனை உண்டு. மிரட்டினவர் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் வழிதான் நடக்கும். மிகக் கொடிய குற்றமாக இல்லாதபோது பெரும்பாலும் எஃப்.ஐ.ஆர். போடாமல் நாட்குறிப்பில் பதிந்து, அந்தப் பையனின் குடும்பச் சூழல் பற்றி அறிக்கை எடுப்பார்கள். இது தெரியாமல் "எஃப்.ஐ.ஆர். போட மாட்டேங்காவ" என்று சண்டைக்குப் போகிற பெற்றோர் நிறைய. கேட்க வேண்டியது மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது. அது கையில் இல்லாமல் ஸ்டேஷனை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ரைட்டர் "நாளைக்கு வாங்க" என்றார். நாளைக்கு வரை பொறுக்க முடியாததால்தான் இன்றைக்கு வந்திருக்கிறோம் என்று அந்த அம்மா சொன்னார், உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. ரசீது வந்தது.

சாதி சொல்லி மிரட்டியிருந்தால், பிள்ளை பட்டியல் சாதியாகவோ பழங்குடியாகவோ இருந்தால், 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அதில் 15ஏ என்று ஒரு பிரிவை 2015 திருத்தத்தில் சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவரையும் குடும்பத்தையும் சாட்சிகளையும் மிரட்டலிலிருந்து காப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. இந்தப் பிரிவைப் பெயர் சொல்லி மனுவில் எழுதுங்கள். எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக உதவ வேண்டும். எண் 15100. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, எந்நேரமும் எடுப்பார்கள். பள்ளிக்கல்வித் துறையின் எண் 14417. வாசலில் ஆள் நிற்கிறது என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராக 112.

பாதுகாப்பு என்றால் பள்ளிக்கூடச் சுவருக்குள் மட்டும் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவர் பரீட்சை எழுதப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் பஸ்ஸை மறித்து வெட்டினார்கள். விரல்கள் துண்டாகின. கபடிப் போட்டியில் ஜெயித்ததுதான் விரோதத்துக்குக் காரணம் என்று வீட்டார் சொன்னார்கள். பிள்ளை எந்த பஸ், எந்த நிறுத்தம், இறங்கினால் எத்தனை தூரம் நடை, டியூஷன் எத்தனை மணிக்கு முடியும் என்பதெல்லாம் மிரட்டுகிறவனுக்குத் தெரியும். நமக்கும் தெரிந்திருக்க வேண்டும். எனக்குப் போன் செய்த அம்மாவின் பையனுக்குச் சில வாரம் அப்பாவோ மாமாவோ கூடப் போனார்கள். வழியை மாற்றினார்கள். நேரத்தையும் மாற்றினார்கள்.

இன்னொன்றையும் அவன் பையில் பார்த்தேன். வீட்டில் காய் நறுக்குகிற கத்தி, பழைய துணியில் சுற்றி, கணக்குப் புத்தகத்துக்கு அடியில். பயத்தில் வைத்திருக்கிறான். அதை எடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன். பயந்த பிள்ளையின் பையில் இருக்கும் கத்தி அவனைக் காப்பாற்றாது. ஒரு நிமிஷத்தில் அவனையே குற்றவாளி ஆக்கிவிடும். "ஆம்பளப் பய, ரெண்டு குடுத்துட்டு வா" என்று சொல்லி அனுப்பும் அப்பாக்களுக்கு இதைச் சொல்கிறேன்.

மிரட்டினவனும் பிள்ளைதான். இதைச் சொன்னால் பாதிக்கப்பட்ட வீட்டில் கோபப்படுவார்கள், அந்தக் கோபம் நியாயம். ஆனால் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டால் தொலைந்தது என்று பள்ளிகள் நினைப்பது தவறு. பள்ளிக்குள் இருக்கும் வரை அவன் என்ன செய்கிறான் என்று நாலு ஆசிரியர்களுக்குத் தெரியும். வெளியே போனால் பகல் முழுவதும் அவன் கையில், கூடவே கறுவும் மனசும். யார் அவனுக்குத் தூபம் போடுகிறார்கள், கையில் சாதிக் கயிற்றைக் கட்டிவிட்டது யார், அந்த எண் யாருடைய சிம் என்று கேட்டுப் போனால் பல சமயம் படிப்பை முடித்த, இருபது இருபத்தைந்து வயசு ஆள் ஒருத்தர் தெரியவருவார். அவரைத்தான் போலீஸ் பார்க்க வேண்டும்.

பாதிக்கப்பட்ட பிள்ளையிடமே "நீ வேற ஸ்கூல் பாத்துக்கோ" என்று சொல்வதும் நடக்கிறது. மாறுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவனும் வீட்டாரும். பள்ளி அதை முதல் யோசனையாக வைக்கக் கூடாது. அது தண்டனையை அவன் தலையில் கட்டுவது.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், பொட்டு வேண்டாம் என்றார். பள்ளிகளில் நல அலுவலர் வேண்டும் என்றார். அப்போது பெரிய விவாதமெல்லாம் கயிற்றைச் சுற்றியே நடந்தது. கயிறு போக வேண்டும், சந்தேகமே இல்லை. எனக்கு அதைவிட அவசரமாகத் தெரிவது அந்த நல அலுவலர். புகார் வாங்குகிற ஆளுக்கு அதுவே வேலையாக இருந்தால்தான் அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குப் போன் போகும். கணக்கு டீச்சரோ பி.டி. சாரோ அதைச் செய்வது அவரவர் நல்ல மனசைப் பொறுத்தது. "மாணவர் மனசு" புகார்ப் பெட்டி எங்கள் பள்ளியிலும் சுவரில் தொங்குகிறது. திறக்கிற ஆளும் திறக்கிற கிழமையும் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் அதில் சீட்டு விழும்.

அந்தப் பையன் திரும்ப அதே பள்ளிக்குத்தான் வந்தான். இரண்டாவது பெஞ்சில், ஆசிரியர் கண்ணுக்கு நேராக இடம் கொடுத்தார்கள். இடைவேளையில் கழிவறைப் பக்கம் ஒரு ஆசிரியர் நிற்பது என்று முறை வைத்தார்கள். அதனால் நிம்மதி அடைந்த பிள்ளைகள் இன்னும் சிலர் என்பது பிறகுதான் தெரிந்தது. தூக்கம் மட்டும் அவனுக்குத் திரும்பவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவான் என்று அம்மா சொன்னார். மனநல உதவி எண் 14416-க்குப் பேசி, அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்க வைத்தோம். "பைத்தியமா என் பிள்ளைக்கு?" என்று கேட்ட அதே அப்பா இப்போது மாதம் தவறாமல் கூட்டிப் போகிறார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். போங்கள். கட்டடம், குடிநீர் எல்லாம் பேசி முடித்த பிறகு எழுந்து கேளுங்கள்: மிரட்டல் என்று ஒரு பிள்ளை வந்து சொன்னால் இங்கே அதைக் கேட்கும் ஆசிரியர் யார், அவர் பெயர் வகுப்பறையில் ஒட்டியிருக்கிறதா? எதிர்த்தரப்பைக் கூப்பிடுவதற்கு முன்னால் பிள்ளையின் வீட்டுக்குச் சொல்வீர்களா? அன்று மாலை அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தானா என்று பார்ப்பது யார்? அந்தப் பகுதி காவல் நிலையத்தில் குழந்தைகள் நல அலுவலராக இருப்பவரின் போன் எண் தலைமையாசிரியர் மேசையில் இருக்கிறதா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள்.